ஆபரேஷன் முடிந்தும் தீராத அடிவயிற்று வலி: ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது?

கர்ப்பப்பை அகற்றம், சிசேரியன், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன், சினைப்பைக் கட்டி நீக்கம், கர்ப்பப்பை நார்க்கட்டி நீக்கம், இறங்கிய கர்ப்பப்பைக்கான அறுவை: பெண்களுக்கு அடிவயிற்றில் நடக்கும் ஆபரேஷன்களில் பெரும்பகுதி இவைதாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன். இந்திய அளவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள். இவர்களில் பெரும்பாலோருக்குத் தையல் ஆறி, ஓரிரு மாதத்தில் வலியும் விட்டுவிடுகிறது. வலி விடாத சிலரும் இருக்கிறார்கள். அவர்கள் மருத்துவரிடம் போய் நின்றதும் முதலில் கேட்கும் வார்த்தை, "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்பதுதான். எந்த ஸ்கேன், எப்போது, எதைத் தேடி என்று யோசித்து எடுத்தால்தான் அந்த ஸ்கேனால் பயன் உண்டு.

ஆபரேஷனுக்குப் பிந்தைய வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும். குறைந்துவந்த வலி திடீரென ஏறினாலோ, காய்ச்சல், குளிர் நடுக்கம், நாற்றமுள்ள வெள்ளை, வயிறு உப்பல், வாந்தி, சிறுநீர் குறைதல், ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்துகொண்டாலோ, அது காயம் ஆறும் வலி அல்ல. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வலி அது. இன்னொரு பக்கம், மூன்று மாதங்களைத் தாண்டியும் நீடிக்கும் வலியை, 2022இல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் தனியாகவே சேர்த்திருக்கிறது. முதல் வகையில் மருத்துவர் தேடுவது ரத்தத் தேக்கம், சீழ், சிறுநீர்க் கசிவு, குடல் காயம். இரண்டாம் வகையில் தேடுவது உள்ளே ஒட்டிக்கொண்ட உறுப்புகள், மீதமிருக்கும் சினைப்பை, தழும்பில் வளரும் திசு, சிக்கிய நரம்பு. வலி எப்போது தொடங்கியது என்ற ஒரே கேள்விக்குக் கிடைக்கும் பதில், எந்த ஸ்கேன் என்பதைப் பாதி முடிவு செய்துவிடுகிறது.

பெரும்பாலும் முதலில் எடுப்பது அல்ட்ராசவுண்டு. அந்தக் கருவியின் தொடக்க வரலாறே பெண்களின் வயிற்றுக் கட்டிகளோடு பிணைந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்டு, 1955 ஜூலையில், ஆபரேஷனில் எடுத்த நார்க்கட்டிகளையும் சினைப்பைக் கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூ என்ற ஊரில் இருந்த கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலை செலுத்திப் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. திடமான நார்க்கட்டியும் நீர் கோத்த சினைப்பைக் கட்டியும் அதில் வெவ்வேறு விதமாக எதிரொலித்தன. 1958இல் ஜான் மெக்விக்கார், பொறியாளர் டாம் பிரவுன் இருவருடனும் சேர்ந்து அவர் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரைதான் பெண்நோய் மருத்துவத்தில் அல்ட்ராசவுண்டுக்கு வழி திறந்தது. முற்றிய இரைப்பைப் புற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கருதப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது பெரிய சினைப்பைக் கட்டிதான் என்பதை அந்த ஒலியலை காட்டிக் கொடுத்தது. கட்டியை எடுத்தார்கள், அவர் பிழைத்துக்கொண்டார்.

இன்று இந்த ஸ்கேனை இரண்டு விதமாக எடுக்கிறார்கள். தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கி வைத்து, வயிற்றின் மேல் ஜெல் தடவி எடுப்பது ஒன்று. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, உறையிட்ட மெல்லிய கருவியைப் பெண்ணுறுப்பு வழியாகச் செலுத்தி எடுக்கும் உள் ஸ்கேன் இன்னொன்று. ஆபரேஷனுக்குப் பிந்தைய வலியில் உள் ஸ்கேன் தரும் தகவல் மிக அதிகம். சினைப்பையும், கர்ப்பப்பை இருந்த இடத்தின் தையல் முனையும் கருவிக்கு மிக அருகில் இருப்பதால் படம் தெளிவாக விழுகிறது. அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. ஸ்கேன் செய்யும் மருத்துவர் கருவியின் நுனியால் ஒவ்வோர் இடமாக மெல்ல அழுத்தி, "இங்கே வலிக்கிறதா? இதுதான் நீங்கள் சொல்லும் அந்த வலியா?" என்று கேட்க முடியும். திரையில் தெரியும் உறுப்பையும் அந்தப் பெண் உணரும் வலியையும் இப்படி உடனுக்குடன் பொருத்திப் பார்ப்பது சிடியிலும் எம்ஆர்ஐயிலும் இயலாத காரியம். கூச்சத்தால் பலர் இந்த ஸ்கேனை மறுத்துவிடுகிறார்கள். பெண் மருத்துவரோ பெண் உதவியாளரோ உடனிருக்க வேண்டும் என்று கேட்பதும், வலித்தால் நிறுத்தச் சொல்வதும் அவர்களுடைய உரிமை. இதை முன்கூட்டியே எடுத்துச் சொன்னால் பலருக்குத் தயக்கம் குறையும்.

முதல் சில வாரங்களில் அவசரமாக வரும் வலிக்கு, படத்தைத் தெளிவாக்கும் மருந்தை ரத்தக் குழாயில் செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன்தான் பெரும்பாலும் கைகொடுக்கிறது. லண்டனில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய இந்தக் கருவியால் முதல் நோயாளியைப் படம் எடுத்தது 1971இல். இன்று சில விநாடிகளில் வயிறு முழுவதையும் குறுக்கு வெட்டுகளாகக் காட்டிவிடுகிறது. தையல் முனைக்கு மேலே தேங்கிய ரத்தம், விளிம்பு மட்டும் மருந்தை ஏற்றுப் பளிச்சென்று தெரியும் சீழ்க்கட்டி, அடைபட்டு உப்பிய குடல் எல்லாம் அதில் தெரியும். சீழ்க்கட்டி என்று தெரிந்துவிட்டால், பல நேரம் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தி, சிறு குழாயை உள்ளே வைத்துச் சீழை வடித்துவிட முடியும்.

கர்ப்பப்பை அகற்றத்தில் எல்லா மருத்துவர்களும் அஞ்சும் இடம் ஒன்று உண்டு. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயான யூரெட்டர், கர்ப்பப்பை வாயிலிருந்து சுமார் 2 செ.மீ. மட்டுமே தள்ளியுள்ள இடத்தில், கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிக்கு அடியில் புகுந்து போகிறது. அந்தத் தமனியைக் கட்டும்போது யூரெட்டரும் சேர்ந்து இறுகிவிடலாம், வெட்டுப்படலாம், அல்லது ரத்தம் நிறுத்தப் பயன்படுத்தும் மின்சூட்டில் கருகிச் சில நாள் கழித்துத் துளை விழலாம். இறுகினால் விலாவில் வலியும் காய்ச்சலும் வரும். சிறுநீரகம் வீங்கியிருப்பது அல்ட்ராசவுண்டிலேயே தெரியும். துளை விழுந்தால் சிறுநீர் வயிற்றுக்குள் தேங்கும், இல்லாவிட்டால் பெண்ணுறுப்பு வழியாக ஓயாமல் கசியும். இதை உறுதி செய்வதற்கான சிடியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மருந்து செலுத்திய ஒரு நிமிடத்தில் எடுக்கும் படத்தில் தேங்கிய நீர் வெறும் நீராகத்தான் தெரியும். அது சிறுநீரா, நிணநீரா என்று சொல்ல முடியாது. சுமார் 10 நிமிடம் காத்திருந்து மறுபடி எடுத்தால், சிறுநீரகம் வடித்த மருந்து யூரெட்டர் வழியே இறங்கிவரும். கசிவு இருந்தால் அந்த இடத்தில் வெண்மையாகப் பரவும். பரிசோதனைச் சீட்டில் "யூரெட்டர் காயம் இருக்கிறதா?" என்று எழுதியிருந்தால் இந்தத் தாமதப் படம் எடுப்பார்கள். "வயிற்று வலி" என்று மட்டும் எழுதியிருந்தால் அது விடுபட்டுப் போகலாம். ஒரு வரிக் குறிப்பு ஒரு சிறுநீரகத்தையே காப்பாற்றும் இடம் இது.

சிசேரியன் அல்லது பிரசவம் ஆன சில நாட்களில், ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்காமல், பெரும்பாலும் வலது பக்கம் வலி எடுத்தால், சினைப்பைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். குடல்வால் வீக்கம்போலவே இருக்கும் இதையும் சிடியே பிரித்துக் காட்டுகிறது.

ஆபரேஷனில் ரத்தம் ஒற்றி எடுக்கும் துணிக்குத் தியேட்டரில் 'மாப்' என்று பெயர். வயிற்றை மூடுமுன் நர்ஸ் எண்ணிச் சரிபார்த்தாலும், அரிதாக ஒன்று உள்ளே தங்கிவிடுவதுண்டு. அதற்காகவே அந்தத் துணியில் எக்ஸ்ரேயில் தெரியும் இழை ஒன்றைச் சேர்த்து நெய்திருக்கிறார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் அந்த இழை வளைந்து நெளிந்த வெள்ளைக் கோடாகத் தெரியும். சிடியில், நூல்களுக்கு இடையே சிக்கிய காற்றுக் குமிழிகள் கடற்பஞ்சு மாதிரியான தோற்றம் தரும். இழை இல்லாத துணியாக இருந்தால் அதைக் கட்டி என்று தவறாக நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

படத்தில் தெரிவதெல்லாம் நோயும் அல்ல. சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோபி செய்யும்போது வயிற்றை உப்ப வைக்கும் கரியமில வாயு சில நாட்களில் மறைந்துவிடும். வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷனில் புகுந்த காற்று ஒரு வாரத்துக்கு மேலும் தங்கலாம். ஆகவே மூன்றாம் நாள் சிடியில் கொஞ்சம் காற்று தெரிவதற்கும், காற்றின் அளவு நாளுக்கு நாள் கூடுவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது; பின்னதைக் கண்டால் குடலில் துளை விழுந்ததா என்று தேட வேண்டும். தையல் முனை சில வாரங்களுக்குத் தடித்தே இருக்கும். ரத்தத்தை நிறுத்த உள்ளே வைத்துவிட்டு வரும், தானே கரையும் பஞ்சு போன்ற பொருள் காற்றுக் குமிழிகளோடு சீழ்க்கட்டி மாதிரியே தெரியும். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு முன் இடம் மாற்றி மேலே தைத்த சினைப்பையைப் புதுக் கட்டி என்று எண்ணிவிடலாம். இவற்றையெல்லாம் பிரித்தறிய ரேடியாலஜிஸ்டுக்குத் தேவைப்படுவது ஆபரேஷன் குறிப்பு. எந்த உறுப்பை எடுத்தார்கள், எதை விட்டார்கள், உள்ளே என்ன வைத்தார்கள் என்ற விவரம் இல்லாமல் ஸ்கேன் பார்ப்பவர் பாதி ஊகத்தில்தான் பேச வேண்டியிருக்கும். "கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்" என்று மட்டும் தெரிந்த பெண்கள் ஏராளம்; சினைப்பை இருக்கிறதா என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. அதை அவர்களிடம் தெளிவாகச் சொல்லி அனுப்பாதது மருத்துவமனைகளின் குறை.

குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவருக்கு மாதவிலக்கு தள்ளிப்போய் ஒரு பக்கம் வலி வந்தால், ஸ்கேனுக்கு முன்பே கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும். அந்த ஆபரேஷன் தோற்பது அரிது. தோற்றால், கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் சினைக்குழாயிலேயே தங்கும் ஆபத்து அதிகம். அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் உண்டான கர்ப்பங்களில் மூன்றில் ஒன்று இப்படிக் கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியது. உள் ஸ்கேன்தான் இங்கே உயிர் காக்கும் சோதனை.

மாதங்கள், ஆண்டுகள் கழிந்து வரும் வலியில் ஆபரேஷனின்போது விட்டுவைத்த சினைப்பைக்கு முக்கியமான பங்கு இருக்கிறது. கர்ப்பப்பை போன பிறகு அது இடம் நகர்ந்து தையல் முனையோடு ஒட்டிக்கொள்ளலாம். தாம்பத்திய உறவின்போது ஆழத்தில் குத்தும் வலி வருவதற்கு இது ஒரு காரணம். இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டதாகச் சொல்லப்பட்டவருக்கு, மாதவிடாய் நின்றவர்களுக்கு வரும் உடல் சூடும் வியர்வையும் வராமல், ஒரு பக்க வலி விட்டுவிட்டு வருகிறதென்றால், சினைப்பையின் சிறு துண்டு தங்கியிருக்கலாம். சினைப்பைகள் இல்லாதபோது ரத்தத்தில் கூடும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் எதிர்பார்த்த அளவுக்கு ஏறாமல் இருப்பதும், ஸ்கேனில் சிறு நீர்க்குமிழி தெரிவதும் அதற்குச் சான்று.

வயிற்றுக்குள் உறுப்புகள் ஒன்றோடொன்று வழுக்கி நகர்பவை. ஆபரேஷனுக்குப் பின் அவற்றுக்கிடையே மெல்லிய நார்ப் பட்டைகள் உருவாகி ஒட்டவைத்துவிடுவதுண்டு. "உள்ளே எல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கு" என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இந்தப் பட்டைகள் பெரும்பாலும் எந்த ஸ்கேனிலும் நேரடியாகத் தெரிவதில்லை. அவற்றின் விளைவுகளை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. உள் ஸ்கேனில் கருவியால் மெல்லத் தள்ளும்போது சினைப்பை குடலின்மேல் வழுக்கி நகர்கிறதா, குடலோடு சேர்ந்தே வருகிறதா என்று பார்ப்பார்கள். எம்ஆர்ஐயில், மூச்சு இழுத்து விடும்போது குடல் வயிற்றுச் சுவரின்மேல் நகர்வதைத் தொடர் படங்களாக எடுக்கும் முறையும் சில மையங்களில் உண்டு. சினைப்பை சுரக்கும் நீர் பட்டைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டால், ஒழுங்கற்ற வடிவில் ஒரு நீர்த் தேக்கம் உருவாகும். நடுவில் சினைப்பையும் சுற்றிலும் மெல்லிய தடுப்புகளுமாக அது தெரிவதை, வலைக்கு நடுவே உட்கார்ந்த சிலந்தி என்று ரேடியாலஜிஸ்டுகள் வர்ணிப்பது வழக்கம். இதைப் புற்றுக்கட்டி என்று எண்ணி மறுபடி வயிற்றைத் திறந்தால் இன்னும் அதிகமாகத்தான் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுதல் இருக்கும் எல்லோருக்கும் வலி இருப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே ஸ்கேனில் ஒட்டுதலின் அடையாளம் தெரிந்ததும் அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சிசேரியன் தழும்புக்கு அருகே தோலுக்கடியில் சிறு கட்டி. மாதவிலக்கு நாட்களில் அது வீங்கிக் கடுக்கும், மற்ற நாட்களில் அடங்கியிருக்கும். இப்படி ஒருவர் சொன்னால், கர்ப்பப்பையின் உள்வரித் திசு ஆபரேஷனின்போது தழும்பில் ஒட்டி அங்கேயே வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தழும்பு எண்டோமெட்ரியோசிஸ் எனப்படும் இது பிரசவமாகி ஆண்டுகள் பல கழித்தும் தலைகாட்டும். பலருக்கு இதைத் தையல் நூலின் முடிச்சு என்றும், கொழுப்புக் கட்டி என்றும், ஹெர்னியா என்றும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். தோலுக்கு அருகில் இருப்பதைப் பார்க்கும் அல்ட்ராசவுண்டு கருவியைத் தழும்பின் மேல் வைத்தால், கொழுப்புக்கு நடுவே விளிம்பு ஒழுங்கில்லாத கரிய முடிச்சு தெரியும். அது தசைக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை எம்ஆர்ஐ சொல்லும். பழைய ரத்தம் தேங்கிய புள்ளிகள் அதில் வெண்மையாக ஒளிரும். முழுவதுமாக வெட்டி எடுத்தால் பெரும்பாலும் வலி தீர்ந்துவிடுகிறது. மாதாமாதம் வரும் வலியா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஆண்டுக்கணக்கான அலைச்சல் மிச்சமாகியிருக்கும் நோய் இது. வயிற்றின் ஆழத்தில் மலக்குடலையும் யூரெட்டரையும் பற்றிப் படர்ந்த எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பையை எடுத்த பிறகும் மீந்திருந்து வலி தரலாம். அதன் பரப்பை அளக்கவும் எம்ஆர்ஐயும், பழகிய கையால் செய்யும் உள் ஸ்கேனும்தான் துணை.

சிசேரியன் வெட்டு ஆறிய இடத்தில் கர்ப்பப்பைச் சுவரில் 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமான குழி விழுந்திருப்பதும் உள் ஸ்கேனில் தெரியும். மாதவிலக்கு முடிந்த பிறகும் சொட்டுச் சொட்டாக நீளும் ரத்தக் கசிவும் வலியும் அதன் அடையாளம்.

இறங்கிய கர்ப்பப்பைக்கும், இருமினால் சிறுநீர் கசிவதற்கும் பிளாஸ்டிக் வலைத்துணியை உள்ளே வைத்துத் தைக்கும் ஆபரேஷன்கள் உண்டு. பெண்ணுறுப்பு வழியாக வைத்த இத்தகைய மெஷ் பல நாடுகளில் பெண்களுக்குத் தீராத வலியைத் தந்ததால், இறக்கத்துக்கான மெஷ் விற்பனையை 2019 ஏப்ரலில் நிறுத்தும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. பாலிபுரோப்பிலீன் நூலால் ஆன இந்த வலை சிடியில் அநேகமாகத் தெரியாது. பெண்ணுறுப்பின் வெளிப்புறத்தில் கருவியை வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்டில் பளிச்சென்ற கோடாகத் தெரியும். மடிந்ததா, சுருங்கியதா, சிறுநீர்ப்பைச் சுவரை அரித்ததா என்று அதில் பார்க்கலாம். விலை குறைந்த எளிய ஸ்கேன், விலை உயர்ந்த ஸ்கேனைவிட நன்றாகக் காட்டும் நேர்வு இது.

நரம்பு வலிக்கு வந்தால் படத்தின் பலம் குறைந்துவிடுகிறது. பூப்புமுடிக் கோட்டை ஒட்டிக் குறுக்காகப் போடும் வெட்டை ஜெர்மானிய மருத்துவர் ஃபானென்ஸ்டீல் 1900இல் விவரித்தார். இன்றைய சிசேரியன்களில் பெரும்பாலானவை அந்த வகை வெட்டில்தான் நடக்கின்றன. வெட்டின் இரு முனைகளுக்கும் அருகே தொடை இடுக்குக்குப் போகும் மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. அவை தையலிலோ தழும்பிலோ சிக்கினால் எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற சுரீர் வலியும் வரும். வயிற்று ஸ்கேன் முழுவதும் நார்மல் என்றே வரும். மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் மட்டும் தூக்கும்போது, விரல் வைத்த இடத்தில் வலி கூடினால், கோளாறு வயிற்றுக்குள் இல்லை, வயிற்றுச் சுவரில்தான் என்று கணிக்கலாம். இந்தச் சோதனைக்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். அதன் பிறகு அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். வலி உடனே விட்டால் நோயும் உறுதியாகிறது, சிகிச்சையும் தொடங்கிவிடுகிறது. ஆபரேஷனுக்குப் பின் இறுகிப்போகும் இடுப்பு அடித்தளத் தசைகளும் எந்தப் படத்திலும் குற்றவாளியாகத் தெரிவதில்லை. அவற்றைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் விரல். சரி செய்வது பிசியோதெரபி.

திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுப்பதற்கும் ஒரு விலை உண்டு. வயிறு, இடுப்பு சிடி ஒன்றின் கதிர்வீச்சு சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட். இயற்கையில் இருந்து ஒருவர் ஓராண்டில் பெறுவது உலகச் சராசரியாக 2.4. உண்மையான அவசரத்தில் இந்தக் கணக்கைப் பார்த்துத் தயங்கக் கூடாது. அதே வேளையில், ஊருக்கு ஊர், டாக்டருக்கு டாக்டர் மாறும்போதெல்லாம் புதிதாக ஒரு சிடி எடுக்கவும் தேவையில்லை. அல்ட்ராசவுண்டிலும் எம்ஆர்ஐயிலும் இந்தக் கதிர்வீச்சு கிடையாது. மருந்து செலுத்தி எடுக்கும் சிடிக்கு முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும், முன்பு அந்த மருந்துக்கு ஒவ்வாமை வந்ததா என்பதையும் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் அதைச் சொல்லிவிட வேண்டும். எம்ஆர்ஐ அறைக்குள் போகுமுன் உடலில் பேஸ்மேக்கர், கிளிப், மெஷ் எது இருந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் "ஸ்கேனில் ஒன்றும் இல்லை" என்று வரும் பெண்கள் கணிசமாக இருப்பார்கள். சீழ், அடைப்பு, கட்டி போன்றவை படத்தில் தெரியவில்லை என்பது மட்டுமே அந்த வரியின் பொருள். அவர்களை வலி சிகிச்சை நிபுணரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ அனுப்ப வேண்டிய கட்டம் அது. "மனசுல இருக்கு, போகப் போகச் சரியாகும்" என்று கதவைச் சாத்துவது மருத்துவம் ஆகாது. வீட்டில் அப்படி ஒருவர் வலியோடு இருந்தால், ரிப்போர்ட்டைக் காட்டி அவரை வாயடைக்க வேண்டாம். வலி எந்த நாளில் வருகிறது, எதனால் கூடுகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவரச் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, எடுத்த உறுப்பின் பயாப்சி ரிப்போர்ட் மூன்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்கேன் படங்களையும் சேர்த்து ஒரே பையில் போட்டுக்கொண்டு, அடுத்த முறை நீங்களும் உடன் போங்கள்.